கூட்டமான பிரைமரியில் யார், எப்போது, ஏன் விலகுகிறார்கள்?

தபால்சீட்டு எழுதிய கேள்வி:

வணக்கம். 2028 அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலுக்கு இரண்டு கட்சிகளிலும் பெருங்கூட்டம் இறங்கும் போலிருக்கிறது. ட்ரம்ப் மறுபடி நிற்க அரசியல் சட்டத்தில் இடமில்லை. ஜனநாயகக் கட்சியிலோ பதவியில் இருக்கும் ஜனாதிபதி என்று யாரும் இல்லை. இதை நினைத்தாலே எனக்கு 2020 ஞாபகம் வந்துவிடுகிறது.

நான் கலிஃபோர்னியாவில் ஓட்டுப் போடுபவள். குடியுரிமை கிடைத்த பிறகு நான் பங்கெடுத்த முதல் பிரைமரி, அதாவது கட்சியின் வேட்பாளரை மக்களே தேர்ந்தெடுக்கும் முதல் கட்டத் தேர்தல், அது. மார்ச் 3 தேர்தலுக்கு ஒரு மாதம் முன்பே தபால் சீட்டு வீட்டுக்கு வந்துவிட்டது. ஜனநாயகக் கட்சிச் சீட்டில் கிட்டத்தட்ட இருபது பெயர்கள். விவாதங்களை மறுபடி போட்டுப் பார்த்து, வீட்டில் பேசி, கடைசியில் ஏமி குளோபுசார் பெயருக்கு எதிரே குறியிட்டு, உறையில் கையெழுத்துப் போட்டு பிப்ரவரி நடுவிலேயே அனுப்பிவிட்டேன். முதல் ஆளாகக் கடமையை முடித்த சந்தோஷம் எனக்கு.

மார்ச் 1 ஞாயிற்றுக்கிழமை பீட் புட்டிஜெஜ் விலகினார். மறுநாள் குளோபுசாரும் விலகினார். அன்று இரவு டாலஸில் இருவரும் ஜோ பைடனுக்கு ஆதரவு சொன்னார்கள். செவ்வாய்க்கிழமை ஓட்டு எண்ணினார்கள். என் ஓட்டு போட்டியிலேயே இல்லாத ஒருவர் கணக்கில் விழுந்தது. அனுப்பிய சீட்டைத் திரும்ப வாங்கி மாற்றிப் போடவும் வழியில்லை.

விலகுவதாக இருந்தால் இரண்டு வாரம் முன்பே விலகியிருக்கக் கூடாதா? ஒரே மாதிரி கொள்கை உள்ள நான்கைந்து பேர் உட்கார்ந்து பேசி ஒருவரை நிறுத்துவது அவ்வளவு கஷ்டமா? அப்புறம் முக்கியமாக, அடுத்த முறை நான் என்ன செய்யட்டும்? பிடித்தவருக்குப் போடுவதா, நிற்கக்கூடியவருக்குப் போடுவதா? உள்ளே இருந்து பார்த்தவர்கள் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.


அயோவாபனி எழுதிய பதில்:

உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு ஒரு பள்ளிக்கூட ஜிம்தான் கண் முன்னால் வந்தது. 2020 பிப்ரவரி 3 இரவு, அயோவா மாநிலத்தில் டெ மாயினுக்குப் பக்கத்தில். ஒரு வேட்பாளருக்காக நான் அந்தப் பகுதியின் கேப்டனாக இருந்தேன். அவர் பெயரைச் சொல்லவில்லை, அது இங்கே முக்கியமும் இல்லை. அறையில் 250 பேர். காகஸ் என்றால் சீட்டில் குறியிடாமல், ஒரே அறையில் வேட்பாளர்வாரியாக அணி அணியாக நின்று தலை எண்ணுவது. அயோவா விதிப்படி 15% ஆட்கள் சேராத அணி கலைந்துவிட வேண்டும், அதாவது எங்களுக்கு 38 பேர் வேண்டும். என் மூலையில் 31 பேர் நின்றார்கள்.

அடுத்த கால் மணி நேரத்தை நான் மறக்கவே மாட்டேன். மாதக்கணக்காக வீடு வீடாகப் போய் நான் பேசிச் சேர்த்தவர்கள் அவர்கள். 15% தாண்டிய அணியில் இருப்பவர்கள் இடம் மாறக்கூடாது என்று அந்த வருடம் விதியை மாற்றியிருந்தார்கள். அதனால் அங்கிருந்து ஏழு பேரை இழுக்கவும் முடியாது. எங்களைப் போலவே கலைந்த இன்னொரு சின்ன அணி எதிர்ச் சுவரோரம் நின்றது. அவர்களிடம் போய், நீங்கள் இங்கே வாருங்கள் என்றேன். நீங்கள் இங்கே வாருங்கள் என்றார்கள் அவர்கள். இரண்டு பேரும் சொன்ன காரணம் ஒன்றேதான்: எங்கள் ஆள்தான் கடைசியில் ஜெயிக்கக்கூடியவர். நேரம் முடிந்தது. 31 பேரும் ஆளுக்கொரு பக்கம் சிதறினார்கள். ஒரு அம்மா கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு வீட்டுக்கே போய்விட்டார்.

நீங்கள் கேட்ட "உட்கார்ந்து பேசுவது" அந்த ஜிம்மில் நடந்ததுதான். கடிகாரம் வைத்து, விதி போட்டு, எதிரெதிரே நிற்க வைத்தும் இரண்டு சின்ன அணிகள் சேரவில்லை. தேசிய அளவில் கடிகாரமும் கிடையாது, கலைந்து போ என்று சொல்ல ஆளும் கிடையாது. எல்லோரும் ஒருவர் பின்னால் நிற்க வேண்டும் என்று எல்லா வேட்பாளருமே நினைக்கிறார்கள். அந்த ஒருவர் தான்தான் என்றும் நினைக்கிறார்கள். அது வெறும் தலைக்கனம் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு வருடம் தூக்கமில்லாமல் ஓடியவருக்கு அந்த நம்பிக்கை இல்லாவிட்டால் ஓடியிருக்கவே முடியாது.

2015 செப்டம்பர் 21 அன்று விஸ்கான்சின் ஆளுநர் ஸ்காட் வாக்கர் குடியரசுக் கட்சிப் போட்டியிலிருந்து விலகினார். களத்தில் இறங்கி இரண்டரை மாதம்கூட ஆகவில்லை. முன்னணியில் இருப்பவருக்கு மாற்றாக ஒருவரை மக்கள் கண்டுகொள்ள வேண்டும், அதற்கு மற்றவர்களும் என்னைப் போல விலக யோசிக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே கேட்டுக்கொண்டு போனார். அந்த ஒரு வேண்டுகோளுக்காக எனக்கு அவர் மேல் மரியாதை உண்டு. ஆனால் அடுத்த பிப்ரவரியில் ஓட்டுப்பதிவு தொடங்கியபோதும் மேடையில் கூட்டம் குறையவில்லை. பூனைக்கு மணி கட்ட வேண்டும் என்பதில் எல்லோருக்கும் சம்மதம்தான், தான் கட்டுவதில்தான் சம்மதமில்லை.

அப்படியானால் யார் எப்போது விலகுகிறார்கள்? நான் பார்த்தவரை ஓட்டு தீர்ந்து விலகுபவர்களைவிடப் பணம் தீர்ந்து விலகுபவர்களே அதிகம். கமலா ஹாரிஸ் 2019 டிசம்பர் 3 அன்று விலகியபோது அந்த மாத விவாதத்துக்குத் தகுதி பெற்றுத்தான் இருந்தார். நான் கோடீஸ்வரி இல்லை, என் பிரசாரத்துக்கு நானே பணம் போட முடியாது என்றுதான் காரணம் சொன்னார். சீக்கிரம் விலகியதால் அவர் பெயர் உங்கள் கலிஃபோர்னியா சீட்டில் வரவில்லை. கோரி புக்கர், ஹுலியான் காஸ்ட்ரோ இருவரும் ஜனவரியில் விலகினார்கள், சீட்டு அதற்குள் முடிவாகிவிட்டது. அதனால்தான் நீங்கள் அத்தனை பெயர்களைப் பார்த்தீர்கள்.

பணம் தீருவதற்கும் விவாத மேடைக்கும் தொடர்பு உண்டு. 2019இல் முதல் இரண்டு விவாதங்களுக்கு 65,000 நன்கொடையாளர்கள் இருந்தாலோ மூன்று கருத்துக்கணிப்புகளில் 1% இருந்தாலோ போதும். மூன்றாவது விவாதத்துக்கு 1,30,000 நன்கொடையாளர்களும் வேண்டும், நான்கு கணிப்புகளில் 2%-உம் வேண்டும் என்று ஏற்றினார்கள். மேடையில் இல்லாதவருக்கு டிவியில் இடமில்லை. டிவியில் இல்லாதவருக்கு நன்கொடை வராது. நன்கொடை வராதவர் அடுத்த மேடையில் ஏற முடியாது. கிர்ஸ்டன் ஜில்லிபிராண்ட் அந்த ஆகஸ்டில் விலகியது இந்தச் சுழலில்தான்.

திரும்பிப் போக ஒரு வாசல் இருக்கிறதா என்பதும் பெரிய விஷயம். ஜான் ஹிக்கன்லூப்பர் ஆகஸ்டில் விலகி, கொலராடோ செனட் தேர்தலில் நின்று ஜெயித்தார். ஜே இன்ஸ்லி விலகி வாஷிங்டன் மாநில ஆளுநராக மூன்றாம் முறை வந்தார். வாசல் திறந்திருப்பவர்கள் சீக்கிரம் விலகிவிடுவார்கள்.

சரி, உங்கள் மார்ச் 1, மார்ச் 2க்கு வருகிறேன். பிப்ரவரி நடுவில் அவர்கள் விலக ஒரு காரணமும் இல்லை. அயோவாவில் புட்டிஜெஜ் பெர்னி சாண்டர்ஸோடு கிட்டத்தட்ட சமமாக வந்திருந்தார். நியூ ஹாம்ப்ஷயரில் அவர் இரண்டாமிடம், உங்கள் குளோபுசார் கிட்டத்தட்ட 20% வாங்கி மூன்றாமிடம். பைடன் அங்கே ஐந்தாவது! அந்த நாளில் யாராவது விலக வேண்டும் என்றால் பைடனைத்தான் கை காட்டியிருப்பார்கள். பிப்ரவரி 29 அன்று சவுத் கரோலைனா எல்லாவற்றையும் மாற்றியது. மூன்று நாள் முன்பு அந்த மாநிலத்தின் செல்வாக்குள்ள கறுப்பினத் தலைவர் ஜிம் கிளைபர்ன் பைடனுக்கு ஆதரவு தந்திருந்தார். கறுப்பின வாக்காளர்கள் திரண்டு வந்தார்கள். பைடன் 48%-க்கு மேல், சாண்டர்ஸ் ஏறக்குறைய 20%, மற்றவர்கள் வெகு பின்னால். மூன்றே நாளில் 14 மாநிலங்கள் ஓட்டுப் போட இருந்தன, அவற்றில் பல தெற்கில். கறுப்பின வாக்காளர்களிடம் எடுபடாத வேட்பாளர், பிரதிநிதிகள் கிடைக்கத் தேவையான 15%-ஐ அங்கே தொட முடியாது என்று அவரவர் குழுவிலேயே கணக்குப் போட்டிருப்பார்கள். திங்கட்கிழமை தரும் ஆதரவுக்கு ஒரு மதிப்பு உண்டு, புதன்கிழமை தந்தால் அது வெறும் சம்பிரதாயம்.

அதனால் உங்களை யாரும் ஏமாற்றவில்லை. நீங்கள் ஓட்டுப் போட்டபோது உங்கள் ஆள் நிஜமாகவே போட்டியில் இருந்தார்.


கணக்குப்பிள்ளை எழுதிய பதில்:

அயோவாபனி சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் விலகாமல் இருப்பதற்கு என்ன விலை என்பதை விதிகள்தான் முடிவு செய்கின்றன. அதைச் சொல்லாவிட்டால் பாதிக் கதைதான் தெரியும்.

2016 சவுத் கரோலைனா, குடியரசுக் கட்சி பிரைமரி. ட்ரம்ப் 32.5%, ரூபியோ 22.5%, க்ரூஸ் 22.3%. மூன்றில் இரண்டு பங்கு மக்கள் வேறு யாருக்கோ ஓட்டுப் போட்டார்கள். கட்சி மாநாட்டில் வேட்பாளரை முடிவு செய்யும் பிரதிநிதிகள் அந்த மாநிலத்துக்கு 50 பேர். மாநிலத்தில் முதலில் வந்தவருக்கு 29, ஒவ்வொரு காங்கிரஸ் தொகுதியிலும் முதலில் வந்தவருக்கு 3. ட்ரம்புக்கு 50-உம் போனது. ரூபியோவுக்கும் க்ரூஸுக்கும் ஒன்றுகூட இல்லை. ஜெப் புஷ் அன்று இரவே விலகினார், அவரை ஆதரித்த சூப்பர் பேக், அதாவது பிரசாரக் குழுவுக்கு வெளியே நின்று வரம்பில்லாமல் பணம் திரட்டும் குழு, 10 கோடி டாலருக்கு மேல் திரட்டியிருந்தும். சூப்பர் பேக் விளம்பரம் ஓட்டலாம், ஆளுக்கு ஓட்டு வாங்கித் தர முடியாது.

பத்து நாள் கழித்து டெக்சாஸ், அலபாமா, வெர்மான்ட் மூன்றிலும் 20% வாங்கியவருக்குத்தான் மாநில அளவிலான பிரதிநிதிகள். ரூபியோ மூன்றிலும் அந்தக் கோட்டுக்குக் கீழே நின்றார். வெர்மான்டில் 19%-க்கு மேல் வாங்கியும் கிடைக்கவில்லை. மார்ச் 15 அன்று ஃப்ளோரிடாவில் ஜெயித்தவருக்கு மொத்தம் 99. அது ரூபியோவின் சொந்த மாநிலம். ட்ரம்ப் எடுத்துக்கொண்டார், ரூபியோ விலகினார். பாதி ஓட்டைத் தாண்டி ட்ரம்ப் ஜெயித்த முதல் மாநிலம் அவருடைய சொந்த நியூயார்க், அது ஏப்ரல் 19. அதற்குள் எதிரணி சிதறி எழுந்திருக்க முடியாத நிலைக்குப் போய்விட்டது.

ஜனநாயகக் கட்சியில் ஓட்டு விகிதப்படிதான் பிரதிநிதிகள், ஆனால் 15% கோடு இருக்கிறது, அதற்குக் கீழே இருந்தால் கிடையாது. உங்கள் கலிஃபோர்னியாவையே பாருங்கள். 2020இல் சாண்டர்ஸ் 36% வாங்கினார், 415 பிரதிநிதிகளில் 225 அவருக்கு. பைடன் 28%-க்குக் கொஞ்சம் கீழே, அவருக்கு 172. வாரன் 13%, ப்ளூம்பெர்க் 12%. இவர்கள் மாநில அளவில் கோட்டைத் தொடவில்லை, சில தொகுதிகளில் மட்டும் கைவிரல் விட்டு எண்ணும் அளவுக்குக் கிடைத்தது. கோட்டுக்குக் கீழே போன ஒவ்வொரு ஓட்டும் கோட்டுக்கு மேலே இருப்பவர்களின் பங்கைப் பெரிதாக்கியது. தபால்சீட்டு அவர்களே, உங்கள் ஓட்டும் அப்படித்தான் கணக்கில் சேர்ந்தது.

உட்கார்ந்து பேச முடியாதா என்று கேட்டீர்கள். பேசியிருக்கிறார்கள். 2004 அயோவாவில் டெனிஸ் குசினிச், தன் அணி கலையும் இடங்களில் ஜான் எட்வர்ட்ஸ் பக்கம் போகச் சொன்னார். 2008 பிப்ரவரி 5 அன்று வெஸ்ட் வர்ஜீனியா குடியரசுக் கட்சி மாநாட்டில் முதல் சுற்றில் மிட் ராம்னி முன்னணியில் இருந்தார். இரண்டாம் சுற்றில் மக்கெய்ன் ஆட்கள் ஹக்கபீ பக்கம் சாய்ந்து அவரை ஜெயிக்க வைத்தார்கள். ஒரே அறை, எண்ணிவிடக்கூடிய ஆட்கள், சாயங்காலத்துக்குள் முடிவு. அதனால் பலித்தது.

பெரிய அளவில் முயன்றது 2016 ஏப்ரல் கடைசியில். இண்டியானாவை க்ரூஸுக்கு விட்டுவிடுகிறேன், ஆரிகன், நியூ மெக்சிகோவை எனக்கு விடு என்று, ட்ரம்பை எதிர்த்துக் களத்தில் மிஞ்சியிருந்த இன்னொருவரான ஜான் கேசிக் க்ரூஸோடு ஒப்பந்தம் போட்டார். மறுநாளே நிருபர்கள் கேட்டபோது, இண்டியானாவில் என் ஆதரவாளர்கள் எனக்குத்தான் ஓட்டுப் போட வேண்டும் என்றார்! வேறு என்ன சொல்வார்? எனக்கு ஓட்டுப் போடாதே என்று சொல்ல எந்த அரசியல்வாதிக்கும் நாக்கு வராது. மே 3 அன்று இண்டியானாவில் தோற்று க்ரூஸ் விலகினார், மறுநாள் கேசிக்.


தனிவழி எழுதிய பதில்:

நான் நெவாடாவில் சாண்டர்ஸுக்காகக் கதவு தட்டியவன். 2020 பிப்ரவரி 22 அன்று நாங்கள் பெரிய அளவில் ஜெயித்தோம். பத்து நாளில் எல்லாம் போனது. அந்த வலி இன்னும் இருக்கிறது, மறைக்கவில்லை.

இருந்தாலும் எனக்குப் பிடிக்காதது விலகியது இல்லை. விலகச் சொல்லி அழுத்துவதுதான். வாரன் ஏன் முன்பே விலகவில்லை என்று எங்கள் பக்கத்தில் ரொம்பக் கோபப்பட்டார்கள். நானும் பட்டேன். சொந்த மாநிலமான மாசசூசெட்ஸில் அவருக்கு மூன்றாமிடம், மார்ச் 5 அன்று விலகினார். பின்னால் யோசித்தபோது என் கோபம் தப்பு என்று பட்டது. அவருக்கு ஓட்டுப் போட்டவர்கள் எங்கள் சொத்து இல்லை. வாரன் இல்லாவிட்டால் அத்தனை பேரும் சாண்டர்ஸுக்குத்தான் வந்திருப்பார்கள் என்று எப்படிச் சொல்ல முடியும்? பைடனுக்குப் போகக்கூடியவர்களும் அதில் நிறைய இருந்தார்கள்.

2024 குடியரசுக் கட்சிப் போட்டியில், ட்ரம்பை எதிர்த்து நின்ற நிக்கி ஹேலியையும் அப்படித்தான் விரட்டினார்கள். நியூ ஹாம்ப்ஷயர் பிரைமரிக்கு இரண்டு நாள் முன்பு இன்னொரு போட்டியாளர் ரான் டிசாண்டிஸ் விலகியதும், நீயும் போ என்றார்கள். அவர் போகவில்லை. தன் சவுத் கரோலைனாவிலேயே தோற்றார், அப்புறமும் நின்று வாஷிங்டன் டி.சி., வெர்மான்ட் இரண்டிலும் ஜெயித்து மார்ச் 6 அன்று விலகினார். அவர் விலகி ஒன்றரை மாதம் கழித்துப் பென்சில்வேனியாவில் 16%-க்கு மேல் அவர் பெயருக்கு ஓட்டு விழுந்தது. போட்டியில் இல்லாதவருக்கு ஓட்டு என்று உங்களுக்குத் தோன்றலாம். அவர்கள் தெரிந்தேதான் போட்டார்கள், எங்களைக் கவனியுங்கள் என்று சொல்வதற்காக. எனக்கு அவர் கொள்கை ஒன்றும் பிடிக்காது, ஆனாலும் அந்த 16% வீண் என்று நான் சொல்ல மாட்டேன்.


தபால்சீட்டு எழுதிய பதில்:

மூவருக்கும் மிக்க நன்றி. ஜிம்மில் கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போன அந்த அம்மாவை நினைத்தால் மனசு கனக்கிறது. ஒன்று மட்டும் கேட்கிறேன். செய்தியில் "விலகினார்" என்று சொல்லாமல் "பிரசாரத்தை நிறுத்திவைத்தார்" என்கிறார்களே, திரும்பி வரலாம் என்று அர்த்தமா? அப்புறம், என் இரண்டாவது தேர்வையும் சீட்டிலேயே எழுத வழி இருந்தால் இந்தப் பிரச்சினையே இருக்காதே?


அயோவாபனி எழுதிய பதில்:

நிறுத்திவைத்தார் என்றால் நடைமுறையில் விலகினார் என்றுதான் அர்த்தம். பிரசாரக் குழு காகிதத்தில் உயிரோடு இருந்தால் கடனை அடைக்கத் தொடர்ந்து நன்கொடை வாங்கலாம். வாங்கிய பிரதிநிதிகள் விஷயமும் உண்டு. ஜனநாயகக் கட்சி விதியில், விலகியவருக்குத் தொகுதி அளவில் கிடைத்த பிரதிநிதிகள் நிற்பார்கள், மாநில அளவில் கிடைத்தவை மற்றவர்களுக்குப் போய்விடும். 2020 ஏப்ரல் 8 அன்று சாண்டர்ஸ் நிறுத்திய பிறகு, அவர் அவற்றை வைத்துக்கொள்ளட்டும் என்று பைடன் தரப்பு தனியாக ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது.

இரண்டாவது தேர்வு எழுதும் முறை ஏற்கெனவே இருக்கிறது. 2020 ஜனநாயகக் கட்சி பிரைமரியில் அலாஸ்கா, ஹவாய், கன்சாஸ், வயோமிங் நான்கு மாநிலங்களும் வரிசைப்படுத்தி ஓட்டுப் போட வைத்தன. உங்கள் முதல் தேர்வு 15%-க்குக் கீழே போனால் ஓட்டு அடுத்தவருக்கு நகரும். என் ஜிம்மில் கால் மணி நேரம் நாங்கள் பட்ட பாட்டை அந்தச் சீட்டு சத்தமில்லாமல் செய்துவிடுகிறது. நான்கிலும் முடிவு வந்தது சாண்டர்ஸ் விலகிய பிறகுதான் என்பது மட்டும் வருத்தம். நெரிசல் இருந்தபோது அந்த நான்கு மாநிலங்களிலும் அந்த முறை சோதிக்கப்படவே இல்லை. கலிஃபோர்னியா மாதிரி ஒரு மாநிலத்தில் அது வர வேண்டும் என்று கட்சிக் கூட்டங்களில் நான் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன், நீங்களும் உங்கள் பக்கத்தில் பேசுங்கள்.

அது வரும் வரைக்கும் சீட்டைக் கையில் வைத்திருங்கள். தேர்தல் நாளன்று தபால் முத்திரை விழுந்திருந்தால் உங்கள் மாநிலத்தில் எண்ணுவார்கள். இல்லையென்றால் அன்று நேராகப் போய்ப் பெட்டியில் போடலாம். முன்னதாக ஓட்டுப் போடும் மாநிலங்களின் முடிவு வரட்டும். உங்களுக்குப் பிடித்தவர் கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் தயங்காமல் அவருக்கே போடுங்கள், அங்கேதான் ஒவ்வொரு ஓட்டுக்கும் கனம் அதிகம். வெகு கீழே போய்விட்டார் என்றால் அப்போது இரண்டாவது பெயரைப் பற்றி யோசியுங்கள்.


தபால்சீட்டு எழுதிய பதில்:

சரி. 2028இல் என் மகளுக்கும் ஓட்டு வந்துவிடும், வீட்டுக்கு இரண்டு சீட்டு வரும். இரண்டையும் ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து மாட்டிவிடுகிறேன். கடைசி ஞாயிற்றுக்கிழமை இரவு வரை உறையை ஒட்டக் கூடாது என்று இப்போதே அவளிடம் சொல்லிவிட்டேன். அவளுக்கு அதற்குள் இரண்டு பெயர் பிடித்திருக்கிறது. இரண்டு பேரும் நிற்பார்களா என்பதே இன்னும் தெரியவில்லை.